குருவிச்சை வளர்த்த பத்மாசனி

முரசுமோட்டையில் பத்மாசனி வீடு எது என்று கேட்டால், அந்த நாளில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குருவிச்சை வளர்க்கிற மனிசி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும். இந்தப் பட்டத்தை அவளுக்கு யார் சூட்டினார்களோ தெரியாது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனத்துக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஆனாலும் பக்கத்து வளவுக்காரருக்குப் பெயர் வைக்க மட்டும் எப்படியோ நேரம் கிடைத்தது.

குருவிச்சை என்றால் என்ன என்று அந்தச் சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குருவி எச்சமிட்ட இடத்தில் முளைத்து, மாங்கொப்புக்குள் வேரை இறக்கி, மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுக்கிற செடி அது. கண்ட உடனே அறுத்து விழுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருத்தி, காட்டுச் செடி ஒன்றைத் தன் கையாலேயே கொண்டுவந்து, புருசன் உயிராய் வளர்க்கிற மாமரத்தில் தும்புக்கயிற்றால் கட்டி, விடிய எழும்பித் தண்ணீரும் தெளித்தாள் என்றால் சனம் வேறு என்னதான் சொல்லும்?

உண்மையில் அது குருவிச்சை இல்லை. இன்றைக்குக் கொழும்புப் பூக்கடைகளில் ஓர்க்கிட் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த காட்டுச் செடி. மரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும், மரத்திடமிருந்து ஒன்றும் எடுக்காது. மழையும் பனியும் காற்றில் இருக்கிற ஈரமும் அதற்குப் போதும். இப்போது இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பத்மாசனிக்கு அன்றைக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. தன்னுடைய செடி குற்றமற்றது என்று அவள் நம்பினாள், அவ்வளவுதான். நம்புவது வேறு, தெரிந்திருப்பது வேறு. அந்த இடைவெளிக்குள்தான் அவள் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து தவித்தாள்.

ஐம்பத்துநாலில் அவளும் தவராசாவும் வந்து இறங்கியபோது, காணி என்று அவர்களுக்குக் காட்டியது காட்டை. ஆம்பிளைகள் பாலை மரமும் வீரை மரமுமாக வெட்டி விழுத்தி, காயவிட்டு, நெருப்பு வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பனங்காணிக்கும் தோட்டத்துக்கும் நடுவே வளர்ந்த பத்மாசனிக்கு அந்தக் காட்டைக் கண்டாலும் பயம், அது எரிவதைக் கண்டாலும் பயம். ஒருநாள் புருசனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, விழுந்துகிடந்த பாலை மரமொன்றில் தடித்த நீண்ட இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டாள். அதில் ஒரு பூங்கொத்து. மஞ்சள் இதழ்களில் மண்ணிறக் கோடுகள் வலை பின்னியிருந்தன. நடுவில் நீலமாக ஒரு சின்ன நாக்கு. நெருப்பு பக்கத்து மரம் வரைக்கும் வந்துவிட்டது. அவள் வெறுங்கையால் பட்டையோடு சேர்த்துப் பெயர்த்து, சோற்றுப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

அந்தக் காட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தது அது ஒன்றுதான் என்று அவள் பிறகு சொல்வாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. குரங்குகள் எல்லாம் அவளுக்கு முதலே ஓடித் தப்பிவிட்டன. ஆனால் பூவைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது பூ கசங்கிக் கறுத்துப்போயிருந்தது. தவராசா பின்னேரம் வந்து பார்க்கையில் இலையும் வெள்ளை வேர்களும்தான் மிச்சம். ஆகவே அந்தப் பூவைக் கண்டவர்கள் என்று ஊரில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு அது பூக்கவும் இல்லை.

முதல் வருசத்திலேயே அவள் அதைக் கொல்லப் பார்த்தாள். செடி என்றால் மண்ணில் நட வேண்டும், எரு போட வேண்டும் என்பதுதானே தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டைப் பானையில் மண் நிரப்பி, ஆட்டுப் புழுக்கை போட்டு நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். வேர்கள் அழுகின, இலைகள் மஞ்சளாகிக் கழன்றன. மூன்று இலையே மிஞ்சியிருந்த நேரத்தில், காட்டில் இது மண்ணைத் தொட்டதே இல்லையே என்று அவளுக்குப் புத்தியில் பட்டது. பிடுங்கி, அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பாலைப் பட்டைத் துண்டில் கட்டிச் சமையல் செய்கிற குசினித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டாள். அது மெல்ல உயிர் பிடித்தது. வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், தண்ணீர் பட்டுப் பச்சையானால் போதும் என்பதை அவள் பார்த்துப் பார்த்துத்தான் படித்தாள். விடியற்காலை வெயில் அதற்குப் பிடிக்கும், மத்தியான வெயில் ஆகாது என்பதையும் அப்படித்தான்.

நிழலுக்கு ஒரு மரம் வேண்டும். வளவில் இருந்த மரங்களைத்தான் சாம்பலாக்கியாயிற்றே. மிச்சம் இருந்தது தவராசாவின் கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும். சாவகச்சேரியில் வாங்கின ஒட்டுமாங்கன்று அது. குடிவந்த அன்று பெண்சாதியைச் சட்டிபானைகளோடு லொறியின் பின்பக்கம் ஏற்றிவிட்டு, மாங்கன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்து வந்த மனிசன் அவன். மூன்று வருசத்தில் அது கைப்பிடிக்குள் அடங்காத மரமாக வளர்ந்தது. செடியை அதில் கட்டட்டுமா என்று அவள் கேட்டபோது தவராசா சிரித்தான். கட்டு, ஆனால் என்ர மரத்துக்கு ஏதும் வந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்றான். அதைப் பகிடியாகத்தான் சொன்னான். அவளும் பகிடியாகத்தான் எடுத்தாள்.

செடி மாமரத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேர்கள் விரல் தடிப்பில் அடிமரத்தைச் சுற்றி ஓடின. இது பூக்கும், நான் கண்டனான் என்று அவள் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். வருசங்கள் போகப் போக அது வளவுகளில் ஒரு பகிடியாகிவிட்டது. நடக்காத காரியம் எதையாவது பேசும்போது, பத்மாசனியின் செடி பூக்கிற அன்றைக்கு நடக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். தவராசாவும் ஓரிருமுறை அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டான். அது அவளுக்குச் சுட்டது. கட்டின புருசனுக்குக்கூட அந்தப் பூவைக் காட்ட முடியவில்லையே என்ற வெப்பியாரம் அவளுக்குள் இருந்தது.

அறுபத்தொன்று தை மாதம் மாமரம் பூத்தது. கிழக்குப் பக்கம் மட்டும் பூத்தது. மேற்குப் பக்கத்துப் பெரிய கொப்பில் இலை சுருண்டு, நுனியிலிருந்து காயத் தொடங்கியது. தவராசா எருப் போட்டான், தண்ணீர் கட்டினான், வேரடியைக் கொத்திவிட்டான். கொப்பு காய்ந்துகொண்டே வந்தது. அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய் மரத்தடியில் நிற்கத் தொடங்கினான்.

இரண்டு வளவு தள்ளி இருந்த ஐயாத்துரை வந்து பார்த்தார். மரம் ஒட்டுவதில் கை தேர்ந்த மனிசர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் என்பது அவர் அகராதியில் இல்லை. மரத்தடிக்கு வந்ததும் அவருடைய கண் நேரே செடியில் போய் நின்றது. கண் மட்டத்தில், அடிமரத்தை வளைத்துப் பிடித்தபடி அது இருந்தது. தனியாக ஒரு சாட்சியும் வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, ஊர்க் குருவிச்சை ஒரு சாதி, காட்டுக் குருவிச்சை வேற சாதி. இது காட்டுச் சாதி. கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கொண்டு நிக்குது, பார்."

மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும்தானே வேர் ஓடுகிறது, அப்படியென்றால் ஒரு பக்கம் மட்டும் ஏன் காய வேண்டும் என்று பத்மாசனி குசினி வாசலில் நின்று கேட்டாள். ஐயாத்துரை அவளை இரக்கத்தோடு பார்த்தார். முதலில் ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம் என்றார். தவராசா செடியின் வேரை விரலால் தொட்டுப் பார்த்தான். அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஐயாத்துரையும் தவராசாவும் போன பிறகு அவள் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். ஒரு வேரைப் பார்த்தெடுத்து, பட்டையிலிருந்து மெல்ல நெம்பித் தூக்கினாள். வேர் உள்ளே போயிருந்தால் ஓட்டை இருக்க வேண்டும், சாறு கசிய வேண்டும். ஒன்றும் இல்லை. கீழே பட்டை முழுசாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டவள், அடுத்த நிமிடமே யோசித்தாள்: இந்த ஒரு வேர் போகவில்லை, மற்றதெல்லாம்? எல்லாவற்றையும் நெம்பிப் பார்த்தால் செடி செத்துவிடும். பின்னேரம் தவராசாவைக் கூட்டிக்கொண்டுவந்து அந்த இடத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். குடிச்சவன் வாயைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறான் என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பேச்சுக்காக இல்லை. அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

மாசி பிறந்து அறுவடை முடிந்தது. நெற்கதிர்ச் சூட்டை மிதித்து நெல்லைத் தூற்றுகிற வேலையில் தவராசா நாள் முழுக்கக் களத்தில் நின்றான். ஒரு காலை தண்ணீர் தெளிக்கப் போனவள், செடியின் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். வேராக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். வேர் கீழே போகும். இது மேலே போயிற்று. ஏழு வருசம் காத்திருந்த பூங்கொத்து. சந்தோசப்படக்கூட அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அன்றைக்கே தவராசா களத்திலிருந்து வந்து, மேற்குக் கொப்பில் புதிதாகக் காய்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு நேரே குசினி வாசலுக்கு வந்தான்.

"இஞ்சேர் பத்மா, உதைக் கழட்டு."

"மொட்டு விட்டிருக்கு."

"மரம் போகுது. நீ மொட்டைக் கதைக்கிறாய்."

"ஏழு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் நம்பேல்லை. நீங்களும் நம்பேல்லை. பூ விரியட்டும். விரிஞ்ச உடன நானே கழட்டித் தாறன்."

அவன் மரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சரி, பூத்த உடனே கழட்ட வேணும், கழட்டினதை எரிக்கவும் வேணும் என்றான். குருவிச்சையை அறுத்துக் கீழே போட்டால் போதாது, நெருப்பில் போட வேண்டும் என்று ஐயாத்துரை சொல்லிவைத்திருந்தார். அவள் தலையை ஆட்டினாள். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சொல்லி முடியாதவை. விடிந்தால் அவள் முதலில் மொட்டைப் பார்ப்பாள், பிறகு தலையை உயர்த்தி மாங்கொப்பைப் பார்ப்பாள். மொட்டுக்கள் பருத்தால் செடியின் காலம் கிட்டுகிறது. கொப்பில் இன்னொரு கிளை காய்ந்தால் தவராசாவின் பொறுமை குறைகிறது. பூ விரிய வேண்டும் என்று ஏழு வருசம் பிள்ளையாருக்கு நேர்ந்தவள், இப்போது விரியக் கூடாது என்று அதே பிள்ளையாருக்கு நேர்ந்தாள். பிள்ளையார் என்ன செய்வார் பாவம்.

ஒரு கிழமை அவள் செடிக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. காயவிட்டால் மொட்டு பிந்தும் என்று ஒரு கணக்கு. வேர்கள் வெள்ளையாகி, இலைகள் மடிந்து சுருங்கத் தொடங்கின. நுனி மொட்டு ஒன்று மஞ்சளாகி உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது. ஆரைக் காப்பாற்ற ஆரைக் கொல்லுறன் என்று தன்னையே பேசிக்கொண்டு, வாளியோடு ஓடிப் போய்த் தண்ணீர் தெளித்தாள். வேர்கள் பச்சையாகும் வரைக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற மீராசாகிபு அந்த நாட்களில் ஒருமுறை படலையடியில் நின்றார். அவள் முகத்தைப் பார்த்து விசயத்தைக் கேட்டறிந்துவிட்டு, தன்னிடம் தரும்படி சொன்னார். அவருடைய வளவில் பட்ட மரம் ஒன்று நிற்கிறது, அதில் கட்டிவிடலாம். ஜொஹறாவுக்குப் பூ என்றால் உயிர் என்றார். பெண்சாதியைத்தான் அவர் சொன்னார். பத்மாசனிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பின்னேரம் தவராசாவிடம் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். பட்ட மரத்திலிருந்து குருவி அதை மற்ற மரங்களுக்குக் கொண்டுபோகாதா, எங்கட சனியனைக் கொண்டுபோய் அந்த மனிசன்ர வளவில கட்டுறதோ என்று கேட்டான். அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. மனச்சாட்சியோடுதான் சொன்னான். கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். நேர்மையாகச் சொல்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அந்த வழியும் அடைபட்டது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிய அவள் முற்றத்தில் இறங்கியபோது வாசம் வந்து முகத்தில் மோதியது. அடிமரத்தில் முதல் பூ விரிந்திருந்தது. அதே மஞ்சள், அதே மண்ணிற வலை, அதே நீலம். சேலைத் தலைப்பால் மூடிவிடலாமா என்று நினைத்தாள். தவராசா அப்போதுதான் களத்துக்குப் போகத் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

என்ன வாசம் என்று கேட்டான். ஐயாத்துரை வீட்டு வேலியில் மல்லிகை நிற்கிறது என்று ஒரு பொய் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அந்த ஒரு பொய் இன்னும் இரண்டு நாளாவது தந்திருக்கும்.

"பூத்திட்டுது," என்றாள்.

அவன் மரத்தடிக்குப் போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பூவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். வடிவாத்தான் இருக்கு என்று பூவைப் பார்த்தபடியே சொன்னான். நீ சொன்னது பொய்யில்லை என்றும் சொன்னான். இந்த வார்த்தைக்காகத்தானே ஏழு வருசம். இனி விட்டுவிடுவான் என்று ஒரு நப்பாசை எழும்பியது. அவன் தலையை உயர்த்தி மேற்குக் கொப்பைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வேண்டாம். நாளைக்குக் கழட்டுவோம் என்றான்.

சனிக்கிழமை காலை ஐயாத்துரை கைவாளோடு வந்தார். செடியைக் கழற்றிய பிறகு காய்ந்த கொப்பை அறுத்து, வெட்டுவாயில் சாணி பூசிவிட்டால் மரம் பிழைக்கும் என்பது அவர் வைத்தியம். வந்த கையோடு வளவு மூலையில் காய்ந்த தென்னோலைகளைக் குவித்து நெருப்பும் மூட்டிவிட்டார். நல்ல காரியம் செய்கிறவருடைய சுறுசுறுப்பு அவரிடம் இருந்தது. பத்மாசனிக்கு அந்த மனிசரை வாளோடு சேர்த்துக் கிணற்றுக்குள் தள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை, இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள்.

தவராசா கத்தியை எடுத்தான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நானே கழட்டித் தாறன் என்று சொன்னவள் அவள். முதலில் தும்புக்கயிற்றை அறுத்தாள். கயிறு எப்போதோ உக்கிப்போயிருந்தது. செடி தன் பிடியில்தான் நின்றது. ஒவ்வொரு வேராகக் கத்தி நுனியால் நெம்பினாள். சில முழுதாக வந்தன. சில பட்டையை விடாமல் நடுவில் முறிந்தன. முறியும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அவள் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடினாள். தவராசா பார்க்க மாட்டாமல் ஏணியைக் கொண்டுவந்து மறுபக்கம் சாத்திக் கைவாளோடு மேலே ஏறினான்.

செடி முழுதாகக் கழன்று அவள் இரண்டு கையிலும் வந்தது. பூங்கொத்து நுனியில் இன்னும் மூன்று மொட்டு விரியாமல் இருந்தது. ஐயாத்துரை ஓலையைத் தள்ளி நெருப்பை உசுப்பிவிட்டு, போடு பிள்ளை என்றார்.

"கொப்பும் விழட்டும் அண்ணை. எல்லாத்தையும் சேத்துப் போடுறன்."

அது ஒரு சாட்டு. இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஐயாத்துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மேலே கைவாள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் நெருப்பைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் வாள் சத்தம் நின்றுவிட்டது. கொப்பு விழவில்லை.

என்ன தம்பி, வாள் சிக்கிட்டுதோ என்று ஐயாத்துரை கேட்டார். மேலே இருந்து பதில் இல்லை. பத்மாசனி நிமிர்ந்தாள். இலைகளுக்குள் தவராசாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. மனிசனுக்குத் தலைசுற்று வந்துவிட்டதோ என்று பயந்து ஏணியடிக்குப் போனாள். இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டாள். பிறகு வாள் மறுபடியும் ஓடியது. இந்தமுறை அவசரமில்லாமல், மெதுவாக ஓடியது.

கொப்பு முறிந்து முற்றத்தில் விழுந்தது. அதன் நடுவில், கீழேயிருந்து பார்த்தால் மாவிலை என்றே நினைக்கும்படி, தடித்த பச்சை இலைகளோடு ஒரு பற்றை. அது கொப்பில் பிடித்த இடம் கழலை போல வீங்கிப் பருத்திருந்தது. அந்த வீக்கத்துக்கு அப்பால் இருந்ததெல்லாம் காய்ந்த சுள்ளி. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லக்கூடிய செடி. ஊர்க் குருவிச்சை. இரண்டு மூன்று வருசத்துப் பற்றை அது.

மேலே இருந்த மனிசன் நினைத்திருந்தால் பற்றையைத் தனியாகச் சிராய்த்துச் சுள்ளிகளோடு சுள்ளியாகத் தள்ளிவிட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கொஞ்ச நேரம் வாள் நின்றபோது அவன் அதைத்தான் யோசித்தானோ என்னவோ. ஆனால் முழுக் கொப்பாக அவள் முன்னால் விழுத்தினான். தவராசா என்ற மனிசனைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லதில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும்.

ஐயாத்துரை குனிந்து அந்த வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். எழும்பினார். மாட்டை அவிழ்த்துக் கட்ட வேணும் என்று ஆருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். கைவாளைக்கூடக் கேட்கவில்லை.

தவராசா இறங்கி வந்தான். ஏணியின் கடைசிப் படியில் நின்று சாரத்தில் கையைத் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டு நின்றான்.

"திருப்பிக் கட்டு," என்றான். "நான் கயிறு எடுத்தாறன்."

"வேண்டாம்."

"ஏன்?"

அவள் விழுந்துகிடந்த கொப்பைக் கண்ணால் காட்டினாள்.

"மரம் காஞ்ச உடன நீங்கள் மேல பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தனீங்கள்."

அவன் ஏணியை விட்டுக் கீழே இறங்கினான். ஐயாத்துரை சொன்னதால்தானே என்றோ, எல்லாரும் அப்படித்தானே நினைத்தார்கள் என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். உங்கட மரம் உங்களோட இருக்கட்டும் என்றுவிட்டு அவள் செடியை அணைத்துக்கொண்டு வளவின் பின்பக்கமாக நடந்தாள். அங்கே வேலிக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் ஓர் இலுப்பை நின்றது. வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய நிலம் அது, அதில் நிற்கிற மரத்துக்கு ஆரும் சொந்தம் கொண்டாட முடியாது. பட்டை நல்ல சொரசொரப்பு. காலை வெயில் படும், மத்தியானம் நிழல். இது அவள் இன்றைக்கு யோசித்த இடமில்லை. இந்த ஒரு மாதமும் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் பார்த்து வைத்திருந்த இடம்தான். கேட்கத்தான் துணியவில்லை.

ஆனால் முறிந்த வேரோடு இருக்கிற செடியை ஒரு ஆளால் கட்ட முடியாது. ஒரு கையால் பட்டையோடு சேர்த்துப் பிடித்தால் மறு கையால் கயிற்றைச் சுற்ற வராது. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தாள். தோளால் முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். செடி வழுக்கி இறங்கியது. விரிந்திருந்த பூ ஒன்று உரசிக் கழன்று வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது. அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. இலுப்பையில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. தவராசா வந்து பக்கத்தில் நின்றான். பிறகு அவள் தோளுக்கு மேலால் இரண்டு கையையும் நீட்டி, செடியின் தண்டை மரத்தோடு சேர்த்துப் பிடித்தான். நெருப்பில் போடச் சொன்ன கைகள். எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் இலையைப் போட்டு நசித்துக்கொண்டிருந்தன.

"அதில இல்லை. வேருக்குக் கிட்டப் பிடியுங்கோ," என்றாள்.

பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் மேல."

உயர்த்தினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை முதல் சுற்றுச் சுற்றினாள். வேர் நசியாமல், ஆனால் அசையவும் விடாமல் கட்ட வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். களத்தில் அவனுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். யாரோ தெருவில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. அவள் முடிச்சுப் போட்டு முடித்துக் கையை விடலாம் என்று சொல்லும் வரைக்கும், தனக்குச் சொந்தமில்லாத மரத்தோடு அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.